தேயிலைச் சாயமும் மலை மண்ணும்: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் சித்திரத் திட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகப் பாடசாலை ஒன்றின் ஆரம்பப் பிரிவில் 'இயற்கைக் காட்சி ஒன்றை வரையுங்கள்' என்று சொன்னால், பெரும்பாலான தாள்களில் ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை மரம், ஓர் ஓலைக் குடிசை. தென்னை சரிவர வளராத உயரத்தில், தகரக் கூரை போட்ட லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து) நடந்து வந்து, யன்னலுக்கு வெளியே உண்மையான மலைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் இதை வரைகிறார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்பது இதற்குக் காரணமன்று. கரும்பலகையிலும் பயிற்சிப் புத்தகத்திலும் கண்ட படத்தைத்தான் 'சரியான படம்' என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். கண்முன் இருப்பதைப் பார்த்து வரைவதற்கும், தம் ஊர் மண்ணிலிருந்தும் தேயிலையிலிருந்தும் நிறம் எடுப்பதற்கும் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு தவணைத் திட்டத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன். விலை கூடிய வர்ணப் பெட்டி இதற்குத் தேவையில்லை; ஆசிரியரின் பொறுமைதான் தேவை.

எந்தத் தரத்துக்கு எவ்வளவு

தரம் 1, 2 பிள்ளைகள் பொருள்களின் அளவை அவற்றின் முக்கியத்துவத்தைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். அம்மா லயத்தைவிடப் பெரியவளாக இருப்பாள். காம்பராவின் (லயத்து அறையின்) சுவர் கண்ணாடி போலத் தெரிய, உள்ளே அடுப்பும் தொட்டிலும் தெரியும். ஏழு முதல் ஒன்பது வயதுவரை தாளின் அடியில் ஒரு நிலக்கோடு போட்டு, எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்றன் பின்னால் ஒன்று மறைவதும், தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரிவதும் அவர்களைக் கவரத் தொடங்கும். இந்த வளர்ச்சிப் படிகளைக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒழுங்குபடுத்தி விளக்கியவர் ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட். இதை அறிந்த ஆசிரியர், தரம் 2 பிள்ளை வரைந்த பெரிய அம்மாவை அழித்துச் சிறிதாக வரையச் சொல்ல மாட்டார்.

ஆகவே, தரம் 1, 2இல் மண் வர்ணத்தோடும் இலைப் பதிவோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். தரம் 3, 4இல் தேயிலைச் சாயத்தால் மலை அடுக்குகளைத் தீட்டலாம். தரம் 5 பிள்ளைகள் எல்லாவற்றையும் செய்வார்கள். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கச் சித்திரப் பாடவேளை பயிற்சித் தாள்களுக்குப் போய்விடுவதுண்டு என்பதால், அவர்களுக்கு முதலாம் தவணையே பொருத்தமானது.

காலநிலையையும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை கொட்டும். தாள் காயாது, மண்ணும் காயாது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்கள் நல்லவை. பதுளை, பண்டாரவளை, நமுனுகுல பக்கம் இது மாறிவரும். வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பர் முதல் மழையைக் கொண்டுவரும், ஆண்டின் நடுப்பகுதி வறண்டு கிடக்கும். உங்கள் மலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கேற்பத் தவணையைத் தெரிவு செய்யுங்கள்.

பொருள்களைச் சேர்த்தல்

பிள்ளைகளிடம் கேட்கக்கூடியவை: வெறுமையான யோகட் கோப்பைகள், பழைய நாட்காட்டித் தாள்கள், பழைய துணித் துண்டுகள், மேலே போட்டுக்கொள்ள அப்பாவின் கிழிந்த சட்டை ஒன்று. இந்தச் சட்டை மிகவும் முக்கியம். வெள்ளைச் சீருடையில் தேயிலைக் கறை பட்டால் போகாது. அதைத் துவைக்கும் தாய் காலையில் கொழுந்தெடுக்கப் போய் மாலையில் திரும்புபவர்.

பிள்ளைகளிடம் கேட்கக்கூடாதவை: கோதுமை மா, தேயிலைத் தூள், மஞ்சள் தூள், முட்டை. இவை வீட்டின் சாப்பாட்டுச் செலவைச் சேர்ந்தவை. பசைக்காக ஒரு கிலோ மாவைப் பாடசாலையே வாங்கட்டும்; கற்றல் பொருள்கள் வாங்கப் பாடசாலைக்குக் கிடைக்கும் தர உள்ளீட்டுப் பணத்தில் டிமை தாள்களையும் தூரிகைகளையும் வாங்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு டிமை தாளை நான்காக வெட்டினால் நான்கு பிள்ளைகளுக்குப் போதும். தேயிலைத் தொழிற்சாலையில் கிழிந்துபோன பொதிச் சாக்குகள் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். அவற்றின் பழுப்புக் காகித அடுக்கு மண் வர்ணத்துக்கு வெள்ளைத் தாளைவிடப் பொருத்தமானது. நனைந்தாலும் எளிதில் கிழியாது.

முதலாவது படி: வர்ணமின்றிப் பார்த்தல்

முதல் இரண்டு பாடவேளைகளில் தூரிகையைத் தொடவே வேண்டாம். பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய விரலால் மலையின் மேல்விளிம்பை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: விரல் எங்கே சட்டென்று இறங்கியது? எங்கே நீண்ட நேரம் சமமாகப் போனது? மரங்கள் விளிம்பில் எங்கே குத்திட்டு நிற்கின்றன? மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைக்கு 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை உண்மையாகவே முக்கோணமாகத் தெரியும். அந்தப் பிள்ளை முக்கோணம் வரைந்தால் அது கண்டு வரைந்த முக்கோணம். நமுனுகுல அடிவாரத்துப் பிள்ளைக்கோ அடுத்தடுத்துப் பல முகடுகள் தெரியும்; அவற்றை எண்ணி வரையட்டும்.

அடுத்த கேள்வி இந்தத் திட்டத்தின் உயிர்நாடியானது: கிட்ட இருக்கும் மலை கூடிய கறுப்பா, தூரத்து மலை கூடிய கறுப்பா? 'மலை பச்சை' என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். உடனே திருத்தாமல், காலையில் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை, வீட்டுக்குப் போகும்போது ஒருமுறை பார்த்துவரச் சொல்லுங்கள். கிட்டத்துத் தேயிலை கரும்பச்சையாகவும், நடுவிலுள்ள மலை நீலம் கலந்தும், கடைசி மலை வானத்தோடு கலந்துபோகும் சாம்பலாகவும் தெரிவதை அவர்களே வந்து சொல்வார்கள். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்றிலும் ஈரப்பதனிலும் ஒளி சிதறுவதால் தூரத்து மலை வெளிறித் தெரிகிறது என்ற விளக்கத்தைச் சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி: மண் வர்ணம்

மலையகத்தின் பெரும்பகுதி செம்மஞ்சள் பொட்சோலிக் மண். அதிலுள்ள இரும்புச் சேர்வைகளே மஞ்சளையும் செம்மையையும் தருகின்றன. பிள்ளைகள் பாடசாலைத் தோட்டம், நடைபாதையோரம், கானில் படிந்த சேறு என்று மூன்று நான்கு இடங்களிலிருந்து ஒவ்வொரு கோப்பை மண் எடுக்கட்டும். வெட்டிய மண்மேட்டின் அடியில், குறிப்பாக மழைக்குப் பிறகு, தோண்டவே கூடாது. மண்சரிவு இங்கே ஒவ்வோர் ஆண்டும் உயிர் குடிக்கும் ஆபத்து. மருந்து தெளித்த தேயிலை மலையிலிருந்தும் மண்ணோ இலையோ எடுக்க வேண்டாம்.

மண்ணை ஓரிரு நாள் காயவைத்து, கல்லால் நுணுக்கி, பழைய தேநீர் வடியால் சலித்து எடுக்க வேண்டும். சலித்த மண்ணை மூன்று பங்கு நீரில் கரைத்து ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கிவிடும். மேலேயுள்ள கலங்கல் நீரை வேறொரு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் தெளிந்த நீரைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் வெண்ணெய் போன்ற மென்மையான சேறு கிடைக்கும், அதுவே வர்ணம். பொறுமையற்ற வகுப்பு இந்தத் தெளியவைக்கும் வேலையை விட்டுவிடும். அப்போது தூரிகை நறநறக்கும், காய்ந்ததும் வர்ணம் உதிரும்.

மஞ்சள் மண் கிடைத்தால் ஆசிரியர் ஒரு செய்முறையைக் காட்டலாம். இனிச் சமையலுக்கு எடுக்காத தகரத் தட்டொன்றில் அந்த மண்ணைக் கடும் சூட்டில் வறுத்தால், இரும்புச் சேர்வையோடு சேர்ந்திருந்த நீர் நீங்கி, மண் செங்கல் நிறத்துக்கு மாறும். ஒரே மண் இரண்டு நிறம் தருவதைக் கண்ட பிள்ளை அதை வீட்டிலே போய்ச் சொல்லாமல் இருக்காது.

பசைக்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பத்து மேசைக்கரண்டி நீரில் ஊற்றி, கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்டிக் காய்ச்ச வேண்டும். ஆறியபின் இரண்டு பங்கு சேற்றுக்கு ஒரு பங்கு பசை கலந்தால் போதும். பசை கூடினால் காய்ந்ததும் வெடிக்கும். குறைந்தால் விரலில் ஒட்டும். சிறு துண்டுத் தாளில் தீட்டிக் காயவைத்துத் தடவிப் பார்த்துவிட்டே வகுப்புக்குக் கொடுங்கள். இந்தக் கலவை இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்ய வேண்டும். வெள்ளை நிறத்துக்கு வெண்கட்டித் தூள் நல்லது. சுட்ட சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் எரிக்கும், பிள்ளைகள் கைக்கு அது வரக்கூடாது.

தரம் 1, 2 பிள்ளைகள் விரலாலேயே தீட்டட்டும். பன்னம், சவுக்கு, தேயிலை ஆகியவற்றின் இலைகளை நரம்புப் பக்கம் மேலே வைத்து, பஞ்சால் மண் வர்ணம் தொட்டு, தாளை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் இலைப் பதிவு விழும். தேயிலையின் அரம் போன்ற விளிம்பை அன்றாடம் கொழுந்துக் கூடையில் காணும் பிள்ளைகூட அப்போதுதான் உற்றுப் பார்க்கும்.

மூன்றாவது படி: தேயிலைச் சாயம்

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகப் பயிராக நட்டதிலிருந்து இந்த மலைகளின் முகத்தையே மாற்றிய செடி தேயிலை. அதே மலைகளை அதன் சாயத்தாலேயே தீட்டுவது பிள்ளைகளுக்குப் புரியும் ஒரு பொருத்தம். அதை நீங்கள் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

ஒரு கோப்பை நீருக்கு மூன்று மேசைக்கரண்டி டஸ்ட் தேயிலை போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, மீண்டும் பாதியாக வற்றும்வரை காய்ச்சுங்கள். இது கடும் சாயம். இதில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு நீர் சேர்த்தால் நடுச் சாயம். ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்தால் மெல்லிய சாயம். மூன்றையும் தனித்தனிக் கோப்பைகளில் ஊற்றி 1, 2, 3 என்று குறியுங்கள். கொதிக்கவைக்கும் வேலை ஆசிரியருடையது. சாயம் நன்றாக ஆறிய பிறகே வகுப்பறைக்குள் வரவேண்டும்.

தீட்டும் ஒழுங்கு தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரும். பிள்ளை முதலில் தான் விரலால் தடவிய கடைசி மலையின் விளிம்பைத் தாளின் மேற்பகுதியில் மெல்லிய சாயத்தால் இழுத்து, அதற்குக் கீழுள்ள முழு இடத்தையும் அதே சாயத்தால் நிரப்பட்டும். அது முழுதாகக் காய வேண்டும். பிறகு நடுச் சாயத்தால் அடுத்த மலை, மீண்டும் காயவிட்டு, கடும் சாயத்தால் கிட்டத்து மலை. பழுப்பு ஒன்றுதான் என்றாலும் தாளில் ஆழம் தெரியும். மூடுபனி வேண்டுமென்றால் மலையின் அடிப்பகுதியைச் சாயம் ஈரமாக இருக்கும்போதே சுத்தமான நீர் தொட்ட தூரிகையால் தடவினால் நிறம் கரைந்து வெளிறும். இதைச் செய்துகாட்டும்போது வகுப்பில் எழும் வியப்பொலியை அடக்க வேண்டாம்.

வெயில் நாளில் ஓர் அடுக்கு காயக் கால் மணி நேரமாகும். பனி மூடிய நாளில் ஒரு பாடவேளை முழுவதும் போதாது. ஆகவே ஒரு நாளில் ஓர் அடுக்கு என்று மூன்று நாட்களாகப் பிரிப்பதே நல்லது. காயாத தாளில் அடுத்த அடுக்கைப் போட்டால் எல்லா மலைகளும் கலந்து ஒரே கறையாகிவிடும், பிள்ளை மனமுடைந்துபோகும். காத்திருக்கும் நேரத்தில், மலைச்சரிவில் தேயிலை நிரைகள் எப்படி வளைந்து போகின்றன என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் வரைந்து பழகலாம். நிரைகள் நேர்கோடாகப் போவதில்லை, மலையின் உடம்பைப் பின்பற்றிப் போகின்றன என்பதைக் கண்டுகொண்ட பிள்ளையின் படத்தில் மலை உடனே உருண்டு எழும்.

தரம் 5 பிள்ளைகளுக்குக் கறுப்பு நிறம் ஒன்றையும் தரலாம். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறவிட வேண்டும். வாயு வெளியேறுவதற்காக மூடியை இறுக்கக்கூடாது. அந்த நீரில் சில துளிகளைத் தேயிலைச் சாயத்தில் விட்டால், தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து சாயம் கண்முன்னே கருமையாகும். தென்னிந்தியாவில் கையால் வரையும் கலம்காரித் துணிகளின் கறுப்புக் கோடுகளும் இதே சேர்க்கையால் வருபவை. அங்கே இரும்பு வெல்ல நீரில் ஊறும், தனினைக் கடுக்காய் கொடுக்கும். ஆணி ஊறிய நீரை ஆசிரியர் மட்டுமே கையாளட்டும்.

நான்காவது படி: மிலாற்றுக் கரி

கவ்வாத்து வெட்டியபின், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்தபின், விறகுக்காகக் கட்டிவரும் குச்சிகளான மிலாற்றில் விரல் பருமனைவிட மெல்லிய நேரான குச்சிகளைத் தெரிந்து, பட்டையை உரித்து, பால்மா டின்னொன்றில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளையிட்டு, திறந்த வெளியில் தீக்குள் வைக்க வேண்டும். துளையால் வரும் புகை நின்றதும் டின்னை வெளியே எடுத்து, முழுவதும் ஆறும்வரை திறக்காமல் வையுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகிவிடும். இதைப் பாடசாலை விட்டபின் ஆசிரியரோ பெற்றோரோ செய்ய வேண்டும்.

இந்தக் கரியால் முன்னணியிலுள்ள மரங்களையும், ஆட்களையும், கம்பங்களையும், லயத்தின் கூரை வரிகளையும் வரையலாம். தேயிலைச் சாயம் காய்ந்த தாளில் கரி நன்றாகப் பிடிக்கும். பெஸ்டல் வைத்திருக்கும் பிள்ளை ஒரே ஒரு நிறத்தை ஒரே ஓர் இடத்தில், அதாவது ஒரு சேலைக்கோ கோயில் கோபுரத்துக்கோ, பயன்படுத்தட்டும். பழுப்புக்கு நடுவே அது பளிச்சென்று எழும்.

மஞ்சள், பீட்ரூட், செவ்வரத்தைப் பூ ஆகியவற்றிலிருந்தும் நிறம் எடுக்கலாம். மஞ்சள் நீர் தீட்டிய தாளில் சவர்க்கார நீர் தொட்டால் சிவக்கும். அது பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இவை வெளிச்சத்தில் விரைவாக வெளிறிவிடும் என்பதால், சுவரில் தொங்கும் படத்துக்கு நான் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

ஐந்தாவது படி: வகுப்பின் சுவர்ப்படம்

தனிப்படங்கள் முடிந்தபின், பொதிச் சாக்குகளைப் பசையால் இணைத்து ஒரு சுவரளவு பெரிய தாளாக்கி, அதில் தோட்டம் முழுவதையும் வரைவது இத்திட்டத்தின் இறுதி வேலை. ஆசிரியர் முன்கூட்டியே கோடு போட்டுக் கொடுக்கக்கூடாது. பாடசாலைக்கு வரும் வழியில் காண்பவற்றைப் பிள்ளைகளே சொல்ல, அவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள்: லயங்கள், பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்), கொழுந்து நிறுக்கும் மடுவம், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), அதன் அருகில் காவல் தெய்வமான ரோதமுனி, மாரியம்மன் கோயில், தண்ணீர்ப் பீலி, கடை, தோட்டத்துரையின் பங்களா, உடைந்த பாலம். காமன் கூத்து நடக்கும் பொட்டலையும் யாராவது சொல்வார்கள். பிறகு எது எதற்கு மேலே, எது கீழே என்று அவர்களே விவாதித்து இடத்தைத் தீர்மானிக்கட்டும். இந்த விவாதம் ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்தாலும் அதற்கு இடம் கொடுங்கள். நிலப்பட வாசிப்பின் முதற்பாடம் இதுதான்.

நான்கு அல்லது ஐந்து பிள்ளைகள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடத்தைப் பொறுப்பாகக் கொடுக்கலாம். அவரவர் லயத்தை அவரவர் வரைய வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். வீட்டைக் காட்டத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. பங்களா பெரிதாகவும் லயம் சிறிதாகவும் வந்தாலும், மறுதலையாக வந்தாலும், அந்த அளவுகள் பிள்ளைகள் போட்ட அளவுகள் என்றே விட்டுவிடுங்கள். குளவிக் கூடுள்ள மரத்தை யாராவது வரைந்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டு, வெளியே இலை பறிக்கப் போகும்போது அந்தப் பக்கம் தவிருங்கள்.

திருத்தாமல் உதவுதல்

பிள்ளையின் தாளில் ஆசிரியரின் கை படக்கூடாது. ஒரு வழியைக் காட்ட வேண்டுமென்றால் தனித் தாளொன்றில் காட்டி, அதை உடனே எடுத்துவிடுங்கள். 'அழகாக இருக்கிறது' என்ற பொதுச்சொல்லைவிட, 'இந்த மலைக்கும் அந்த மலைக்கும் இடையில் பனியை எப்படி விட்டாய், மகள்?' என்ற கேள்வி பிள்ளைக்கு மிகவும் பயன்படும். 'டீச்சர், எனக்கு வரையத் தெரியாது' என்று சொல்லும் பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிச்சென்று மீண்டும் விரலால் மலையைத் தடவவையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

படங்களுக்குப் புள்ளியிட்டு முதலாமிடம், இரண்டாமிடம் கொடுப்பதை ஆரம்பப் பிரிவில் நான் ஏற்பதில்லை. முதல் நாள் பென்சில் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று பிள்ளையையே சொல்லவைத்து, அந்த வாக்கியத்தைப் படத்தின் பின்புறம் எழுதவைத்தால், தாய்மொழிப் பாடத்துக்கும் அது ஓர் எழுத்து வேலையாகும்.

காட்சியும் பாதுகாப்பும்

பெற்றோர் வரும் நாளைப் பார்த்துக் காட்சியை வையுங்கள். கொழுந்து நிறுவை முடிந்த பின்னேரம் அல்லது ஞாயிறு அவர்களுக்கு இயலும். படங்களைப் பிள்ளையின் கண் உயரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொருவரும் தன் படத்தின் அருகில் நின்று நிறம் எங்கிருந்து வந்தது என்று விளக்கட்டும்.

மலைநாட்டு ஈரத்தில் மாப்பசை சேர்ந்த வர்ணம் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கப் பசை காய்ச்சும்போதே சிறிது படிகாரம் சேர்க்கலாம். படங்களை வெளிச்சுவரில் ஒட்டாமல் உட்சுவரில், சுவருக்கும் தாளுக்கும் இடையில் காற்றுப் போகும்படி கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கரிக்கோடுகள் உதிராதிருக்க மேலே ஒரு மெல்லிய தாளை மூடிவைக்கலாம். எடுத்துவைக்கும்போது மடிக்காமல், இடையிடையே செய்தித்தாள் வைத்துத் தட்டையாக அடுக்கி, பின்புறத்தில் பெயர், தரம், ஆண்டு, மண் எடுத்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். தனிப்படங்கள் பிள்ளைகளுடன் வீட்டுக்குப் போகட்டும். சுவர்ப்படத்தை மட்டும் பாடசாலை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கும் வகுப்புக்கு முதல் நாளே காட்டாமல், அவர்கள் தங்கள் சுவர்ப்படத்தை முடித்தபின் பக்கத்தில் விரித்துக் காட்டுங்கள். முன்கூட்டிக் காட்டினால் அதையும் பார்த்து எழுதிவிடுவார்கள்.